வீட்டுக்கொரு தண்டால் கட்டை

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், இளைஞர் மன்ற உடற்பயிற்சிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

      

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும் கூட்டத்தில் தண்டாலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தங்களில் சிலர் எண்ணலாம். சற்று முன் வாசிக்கப்பட்ட செலவினத்தில், பள்ளிவாசலுக்கு நாற்காலிகள் வாங்கிய வகையில் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் நாங்கள் பேச வந்திருக்கிறோம்.

மூட்டு தேய்ந்தவருக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கும் நாற்காலி தேவை. நோயாளிக்கு மார்க்கம் அளித்திருக்கும் சலுகையில் குறை காண எவருக்கும் உரிமையில்லை. எங்கள் கவலை வேறு. ஐம்பதைத் தாண்டியவுடனேயே, குறிப்பிட்டுச் சொல்ல நோய் எதுவும் இல்லாத நிலையிலும், நாற்காலியைத் தேடுவோர் நம்மிடையே பெருகி வருகின்றனர். ஸுஜூதுக்குச் செல்வதில் அவர்களுக்குச் சிரமமில்லை. அதிலிருந்து எழுவதில்தான் சிரமம். ஒரு கையை முழங்காலிலும் மறு கையைத் தரையிலும் ஊன்றி எழ முயலும்போது, ஊன்றிய கை உடலைத் தாங்க மறுக்கிறது. காலும் தளர்ந்து கையும் தளர்ந்தால் மனிதருக்குத் தரை பகையாகிவிடுகிறது. கால்களின் வலிமைக்கு நடையும் பஸ்கியும் உண்டு. அது தனியே பேச வேண்டிய பொருள். இன்று கைகள், தோள்கள், மார்பு, முதுகு ஆகியவற்றைப் பற்றி மட்டும் பேசுவோம்.

முப்பது வயதைக் கடந்த பின்னர், பயிற்சியில்லாத உடலில் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையின் அளவு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை குறைந்துகொண்டே வருகிறது என மருத்துவ நூலோர் கணக்கிடுகின்றனர். அறுபதுக்குப் பின் இந்தத் தேய்வு மேலும் விரைவுபடுகிறது. கண்ணாடியில் இது தெரிவதில்லை. தசை போன இடத்தைக் கொழுப்பு நிரப்பிக்கொள்வதால் சட்டையின் அளவு மாறாது. பல வேளைகளில் கூடவும் செய்யும். பிரேசில் நாட்டு மருத்துவர்கள் 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் சொல்லி, கையையோ முழங்காலையோ ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்து அளவிட்டனர். அதன் பின் பல்லாண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடையே இறப்பு மிகுதியாக இருந்தது. 2012இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது எங்களுக்கு ஒன்று தோன்றியது. அவர்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு முறை செய்யச் சொன்னதை நாம் தொழுகையில் நாள்தோறும் பலமுறை செய்துவருகிறோம். அதைச் செய்ய முடியாமல் போகும் நாளை நாமே முதலில் உணர்ந்துகொள்ளவும் செய்கிறோம். இது நமக்குக் கிடைத்திருக்கும் எச்சரிக்கை மணியன்றோ!

மற்றொரு காரணமும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023இல் வெளியான கணக்கெடுப்பு, நம் நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று கூறியது. வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் இந்நோய் உள்ளது. நம் மஹல்லாவில் எத்தனை வீடுகளில் குளிர்பதனப் பெட்டிக்குள் இன்சுலின் இருக்கிறது என்பதைத் தாங்களே அறிவீர்கள். உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவில் வாங்கிச் சேமிக்கும் கிடங்கு தசைதான். தசை குறையக் குறையக் கிடங்கு சிறுத்துப்போகிறது. கல்யாண வீட்டுப் பிரியாணியைக் கைவிடுமாறு நாங்கள் கேட்கப்போவதில்லை, கேட்டாலும் பயனில்லை. அதைக் கொள்ளும் கிடங்கையாவது சற்றுப் பெரிதாக வைத்துக்கொள்ளலாம் அல்லவா? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், நடை போன்ற பயிற்சிகளுக்கு மேலாக, எல்லாப் பெருந்தசைகளுக்கும் வலுவூட்டும் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாட்களேனும் செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியிருக்கிறது. ஃபஜ்ருக்குப் பின் நடைப்பயிற்சி செய்வோர் நம்மிடையே நிறைய இருக்கின்றனர், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் நடை கைகளுக்கு வலுவூட்டுவதில்லை.

நம் பாட்டிமார் இதைப் பற்றியெல்லாம் கேள்விப்பட்டதில்லை. கிணற்றில் நீர் இறைத்தது இழுக்கும் பயிற்சி. அம்மியில் அரைத்தது தள்ளும் பயிற்சி. உலக்கை, ஆட்டுக்கல், திருகை என்று வீடே ஓர் உடற்பயிற்சிக் கூடமாக இருந்தது. மின்மோட்டாரும் மிக்சியும் வந்தது நல்லதே. அந்தப் பாட்டிமாரைக் கேட்டால் அவர்களும் அதையே சொல்வார்கள். ஆனால், வீட்டைவிட்டு வெளியேறிய உழைப்பின் இடத்தில் வேறெதையும் நாம் கொண்டுவந்து வைக்கவில்லை.

வைக்கத்தக்க பொருள் ஒன்று நெடுங்காலமாக நம்மிடையே இருக்கிறது. அதுதான் தண்டால் கட்டை. இரு கைகளுக்கும் ஒவ்வொன்றாக, பிடியுள்ள இரண்டு சிறு மரக்கட்டைகள். நம் நாட்டு மல்யுத்தக் களங்களில் தண்டாலும் பஸ்கியும்தான் அடிப்படைப் பயிற்சிகள். பொட்டிலில்லாத, இரும்புக் குண்டில்லாத அந்தப் பயிற்சியால் வளர்ந்தவர்தான் காமா பயில்வான். குலாம் முஹம்மது என்னும் இயற்பெயருடைய அவர் 1910இல் லண்டன் சென்று, போலந்து நாட்டின் பெருமல்லரான ஸ்பிஸ்கோவுடன் ஏறத்தாழ மூன்று மணி நேரம் பொருதினார். முடிவு எட்டப்படாததால் மறுவாரத்திற்கு நாள் குறிக்கப்பட்டது. குறித்த நாளில் ஸ்பிஸ்கோ களத்திற்கு வரவில்லை. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது, ஒரு நிமிடத்திற்குள் காமா வென்றார். நாள்தோறும் அவர் எடுத்த தண்டால்களின் எண்ணிக்கையை ஆயிரக்கணக்கில் சொல்வார்கள். அந்தக் கணக்கை நம் இளைஞர்கள் கேட்டு வியப்பதோடு நிறுத்திக்கொள்வது நலம்.

பாரசீக நாட்டில் 'ஜூர்கானே' என்னும் பயிற்சி இல்லங்கள் இன்றும் இயங்குகின்றன. அச்சொல்லுக்கு வலிமையின் இல்லம் என்று பொருள். எண்கோண வடிவில் தாழ்வாக அமைந்த களத்தில் பயில்வோர் கூடி நிற்க, மேடையில் அமர்ந்திருக்கும் முர்ஷித் முரசு கொட்டி, கவிதைகளை இசைத்து, பயிற்சியின் வேகத்தை நடத்திச் செல்வார். அங்கே தண்டாலுக்கு 'ஷெனா' என்று பெயர். நீச்சல் என்பது அதன் பொருள். குட்டையான கால்கள் பொருத்தப்பட்ட ஒரு நீள்பலகையைத் தரையில் வைத்து, அதன்மீது கைகளை ஊன்றியே ஷெனா எடுக்கின்றனர். நம் கர்லாக் கட்டையை ஒத்த பெரிய மரக்கட்டைகளையும் சுழற்றுவர். யுனெஸ்கோ நிறுவனம் 2010இல் இந்த மரபை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. இன்று விளையாட்டுச் சாமான் கடைகளில் நுரைப்பிடியுடன் தொங்கும் இரும்புக் கம்பிகளைப் புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணுவோருக்காகவே இதைச் சொன்னோம்.

வெறுந்தரையில் கையை ஊன்றினால் ஆகாதா, கட்டை எதற்கு என்று கேட்கலாம். உள்ளங்கையைத் தரையில் பதித்துத் தண்டால் எடுக்கையில் மணிக்கட்டு ஏறத்தாழ செங்கோணமாகப் பின்னோக்கி வளைகிறது. இளைஞர் அதைத் தாங்குவர். நாற்பதைக் கடந்தவர்களும், நாள் முழுதும் கணிப்பொறியிலோ தையல் இயந்திரத்திலோ கையை வைத்திருப்பவர்களும், ஒரு வாரத்திலேயே மணிக்கட்டு வலி என்று பயிற்சியைக் கைவிடுவதை நாங்கள் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறோம். கட்டையின் பிடியைப் பற்றும்போது மணிக்கட்டு முன்கையோடு நேராக நிற்கிறது. விரல்களின் பிடியும் வலுப்பெறுகிறது. கை உயர்ந்திருப்பதால் மார்பு இன்னும் சற்றுக் கீழே இறங்கவும் இடம் கிடைக்கிறது. இந்தக் கடைசிப் பயனில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. தொடக்கத்திலேயே கைகளின் மட்டத்திற்குக் கீழே மார்பை இறக்கினால் தோள்மூட்டின் முன்புறம் வலியெடுக்கும். முதல் சில மாதங்களுக்குப் பிடியின் மட்டம் வரை இறங்கினால் போதும்.

கட்டையைத் தச்சரிடமே செய்துகொள்ளலாம். அடிப்பலகை 25 சென்டிமீட்டர் நீளமும் 12 சென்டிமீட்டர் அகலமும் இருக்கட்டும். அகலம் குறைந்தால் கட்டை பக்கவாட்டில் சாயும். அதன்மேல் இரண்டு நிலைக்கட்டைகள். அவற்றிடையே உருண்டையான பிடி. பிடியின் கனம் மூன்று அல்லது மூன்றரை சென்டிமீட்டர். தரையிலிருந்து அதன் உயரம் 10 முதல் 12 சென்டிமீட்டர். ஆணியை நம்பிப் பிடியைப் பொருத்தவே கூடாது. நிலைக்கட்டைகளில் துளையிட்டுக் கோத்துப் பசையிட்டு இறுக்க வேண்டும். ஆணி பிடுங்கிக்கொண்டால் விழுவது முகம்தான். உப்புத்தாளால் நன்கு தேய்த்து விட்டுவிடலாம்; வார்னிஷ் பூசினால் வியர்வையில் கை வழுக்கும். டைல்ஸ் பதித்த தரைகள் இன்று எல்லா வீடுகளிலும் வந்துவிட்டபடியால், பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடியில் ஒட்டுவது கட்டாயம். மரவேலை எஞ்சியதில் வேம்போ தேக்கோ எது கிடைத்தாலும் போதும். கடையில் வாங்குவோர், மேலே சொன்ன அகலத்தையும் வழுக்காத அடியையும் மட்டும் பார்த்து வாங்கட்டும். சுழலும் பிடியுள்ளவை தொடக்கநிலையினருக்குத் தேவையற்றவை. இன்ன வண்ணத் துளையில் பிடியைச் செருகினால் இன்ன தசை வளரும் என்று பலவண்ணப் பலகைகளும் விற்கப்படுகின்றன. கைகளை நெருக்கி வைத்தால் மேற்கையின் பின்புறத் தசைக்கு வேலை கூடும் என்பது உண்மையே. அதற்கு வண்ணம் தேவையில்லை. கட்டைகளைச் சற்று நெருக்கி வைத்தால் போதும்.

இனி, பலரும் தண்டாலைக் கண்டு அஞ்சுவதற்கான காரணத்திற்கு வருவோம். ஒரு தண்டால்கூட எடுக்க முடியவில்லையே என்னும் கூச்சம்தான் அது. கையை எவ்வளவு உயரத்தில் ஊன்றுகிறோம் என்பதைப் பொறுத்துச் சுமை மாறும் என்பதை அறிந்தால் கூச்சம் நீங்கும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் இதைக் கருவி கொண்டு அளந்திருக்கிறார்கள். தரையில் எடுக்கும் வழக்கமான தண்டாலில் உடல் எடையின் 64 விழுக்காடு கைகளில் இறங்குகிறது. முழங்காலை ஊன்றினால் 49 விழுக்காடு. கைகளை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரத்தில் ஊன்றினால் 55 விழுக்காடு. 60 சென்டிமீட்டர் உயரத்தில் ஊன்றினால் 41 விழுக்காடு மட்டுமே. மாறாக, கால்களை 60 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தால் 74 விழுக்காடாகக் கூடுகிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். தரையில் அவர் தாங்குவது ஏறத்தாழ 45 கிலோ. கட்டில் அளவுள்ள உயரத்தில் ஊன்றினால் 29 கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தூக்கும் ஒருவரால் இதைச் செய்ய முடியாதா?

ஆகவே, தொடங்க வேண்டிய இடம் சுவர். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, கைகளைத் தோளின் உயரத்தில் ஊன்றி, மார்பைச் சுவரை நோக்கிக் கொண்டுசென்று திரும்பத் தள்ள வேண்டும். எழுபது வயதினரும் இதைச் செய்கின்றனர். அடுத்து, அசையாத கனமான மேசை. அதன் பின் மாடிப்படிகள். எங்கள் அனுபவத்தில் மாடிப்படியைப் போன்ற நல்ல ஆசான் வேறில்லை. ஐந்தாம் படியில் கையை ஊன்றி இலகுவாகப் பன்னிரண்டு எடுக்க முடிந்தால் நான்காம் படிக்கு இறங்கலாம். பிறகு மூன்றாம் படி. சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தரையை அடைந்துவிடலாம். கட்டைகளைத் தரையில் வைப்பது அப்போதுதான். எங்களோடு பயிலும் பெரியவர் ஒருவர், வளைகுடாவில் நெடுங்காலம் உழைத்துத் திரும்பியவர், சுவரிலிருந்து தரைக்கு வர ஏழு மாதங்கள் எடுத்துக்கொண்டார். அவரை எவரும் அவசரப்படுத்தவில்லை.

செய்யும் முறையைப் பற்றிச் சில சொற்கள். கட்டைகள் தோளைவிடச் சற்றே அகன்று இருக்கட்டும். முழங்கைகள் இறக்கைபோல் இருபுறமும் விரியாமல், உடலோடு சாய்கோணத்தில் பின்னோக்கி மடங்க வேண்டும். தலை முதல் குதிகால் வரை ஒரே கோடாக உடல் நிற்க வேண்டும். இடுப்பு தொய்ந்தால் முதுகு வலிக்கும். இடுப்பு கூரைபோல் உயர்ந்தால் பயிற்சியால் பயனில்லை. இறங்கும்போது மெல்ல, மனத்திற்குள் இரண்டு எண்ணும் நேரம். இறங்குகையில் மூச்சை இழுத்து, எழுகையில் விட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு திணறுவது இரத்த அழுத்தத்தைச் சடுதியில் உயர்த்தும். ஒரு தொகுதிக்கு எட்டு முதல் பன்னிரண்டு, இடையில் இரண்டு நிமிட ஓய்வு, மூன்று தொகுதிகள். இன்னும் இரண்டு எடுக்கலாம் என்னும் நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். இதை நாள்தோறும் செய்ய வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் என வாரத்தில் மூன்று நாட்கள் போதும். தசை வளர்வது ஓய்வில்தான். முழுவதும் இருபது நிமிடத்திற்குள் முடிந்துவிடும்.

தண்டால் தள்ளும் பயிற்சி. அதை மட்டுமே செய்துகொண்டிருந்தால் மார்பு இறுகி, தோள்கள் முன்னோக்கிக் கூனிவிடும். எனவே இழுக்கும் பயிற்சி ஒன்றும் உடன் வேண்டும். ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனில் நீர் நிரப்பினால் ஏறத்தாழ ஐந்து கிலோ. ஒரு கையை மேசையில் ஊன்றி முன்குனிந்து, மறு கையால் கேனை இடுப்பருகே இழுத்து, மெல்ல இறக்க வேண்டும். கிணற்றில் நீர் இறைத்த பாட்டிமாரின் அசைவு ஏறத்தாழ இதுவே.

சிலர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கலாகாது. இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தியவர், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர் ஆகியோருக்கு இது பொருந்தும். சர்க்கரை நோயால் விழித்திரையில் பாதிப்பு முற்றியவர்களுக்கு, முக்கித் திணறும் எந்தப் பயிற்சியும் கண்ணுக்குள் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். இதைப் பலர் அறியார். தோள் இறுகிப்போதல் நீரிழிவு உடையவர்களிடம் அதிகம். கையைத் தலைக்குமேல் உயர்த்த முடியாதவர் முதலில் அதற்குச் சிகிச்சை பெறட்டும். இன்சுலின் போட்டுக்கொள்வோர் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம். நோன்புக் காலத்தில் தராவீஹுக்குப் பின், தொகுதிகளைக் குறைத்துக்கொண்டு செய்யலாம்.

அமெரிக்காவில் தீயணைப்பு வீரர் 1,104 பேரைப் பத்தாண்டுகள் கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் பலர் கேட்டார்கள். ஒரே மூச்சில் நாற்பதுக்கு மேல் தண்டால் எடுத்தவர்களுக்கு, பத்துக்கும் குறைவாக எடுத்தவர்களைவிட இதய நோய் நிகழ்வுகள் மிக மிகக் குறைவாக இருந்தன என்பது உண்மை. ஆயினும், அவர்கள் அனைவரும் உடலுழைப்புள்ள ஆண்கள். நாற்பது எடுக்க முடிந்தவர் புகைக்காதவராகவும் எடை மிகாதவராகவும் இருந்திருக்கக்கூடும். தண்டால் மட்டுமே இதயத்தைக் காத்தது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. நாற்பதை இலக்காக வைத்துக்கொண்டு மாரடைப்பை மறந்துவிடலாம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

இளைஞர்களே, ஒரே மாதத்தில் மார்பு அகல வேண்டும் என்று உங்களில் சிலர் மாவு டப்பாக்களுக்கும், அதைவிடக் கேடான ஊசிகளுக்கும் பணம் செலவழிப்பதை நாங்கள் அறிவோம். அந்த ஊசிகள் இதயத்தையும் ஈரலையும் குழந்தைப்பேற்றையும் கெடுக்க வல்லவை. முட்டை, மீன், பருப்பு, கொண்டைக்கடலை ஆகியவற்றில் இல்லாத எதுவும் அந்த டப்பாக்களில் இல்லை.

சகோதரிகளே, இந்தப் பயிற்சிக்குக் கட்டணமில்லை. வெளியே செல்ல வேண்டியதில்லை. சமையலறை மேடையே போதுமான உயரம். குழந்தை பெற்றவர்கள் மருத்துவரின் அனுமதிக்குப் பின் சுவரிலிருந்து தொடங்கலாம். தண்டால் எடுத்தால் பெண்ணின் தோள்கள் ஆணுடையவை போலாகிவிடும் என்னும் அச்சத்திற்கு அடிப்படையில்லை. தவறி விழும்போது உடலைத் தாங்குவதும், விழுந்தபின் எழ உதவுவதும் கைகளே. வீட்டில் தனியே இருக்கும் மூதாட்டியர் விழுந்து, எழ முடியாமல் மணிக்கணக்கில் கிடந்ததை நம் தெருக்களிலேயே கேள்விப்பட்டிருக்கிறோம்.

தச்சர் ஒருவரைக் கொண்டு மாதிரியாக நான்கு இணைக் கட்டைகளைச் செய்து வைத்திருக்கிறோம். இரண்டு இணைகள் மதரஸா நூலகத்திலும், இரண்டு இணைகள் பெண்கள் மதரஸாவிலும் உள்ளன. அளவு பார்த்துச் செய்துகொள்ள விரும்புவோர் ஓர் இரவு வீட்டிற்கு எடுத்துச் சென்று, மறுநாள் அஸருக்குள் திருப்பித் தந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபஜ்ருக்குப் பின் மதரஸா மாடியில் கூடுகிறோம். முதலில் வருபவருக்குச் சுவர்தான்.